ஸ்டாப்பர் வைத்த பாய்மரம்

மேடைத் தோழர்களே, நினைவுக் குறிப்பு எழுத நரை வேண்டும் என்பார்கள் நம் மூத்த பேச்சாளர்கள். எனக்கு நரை இல்லை. எந்த அவையிலும் எந்த அணியிலும் நின்று பேசக்கூடியவள் என்று நீங்கள் என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டை நான் அடக்கத்தின் பொருட்டு மறுத்ததும் இல்லை. ஆனால் 'கசந்தாலும் உண்மையைச் சொல்வதே அன்பு' என்ற தலைப்பு வந்தால் மட்டும் வேறு தலைப்புக் கேட்பேன். தொண்டை கட்டியிருக்கிறது என்பேன். பேருந்துக்கு நேரமாகிறது என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். இன்று காரணத்தைச் சொல்கிறேன். இது வாதம் அன்று. நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஓர் ஆடியில் தொடங்கித் தையில் முடிந்த கதை.

எங்கள் வீடு திருப்பூர்ப் பக்கத்துச் சேவூரில். அப்பாவின் நிட்டிங் யூனிட், அவிநாசிக்குப் போகும் வழியில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. உள்ளே வட்ட இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருக்கும். உச்சியில் இருந்து நூல் இறங்கி, பீங்கான் துளைகளின் வழியே வழுக்கிச் சென்று, கீழே பனியன் துணியாக உருண்டு சேரும். பஞ்சுத்தூள் புருவத்தில் படியும். ஊசி எண்ணெயின் வாடை அப்பாவின் சட்டையில் மட்டுமல்ல, அவர் எனக்கு வாங்கி வரும் தேங்காய் பன்னிலும் இருக்கும். அந்த வாடையோடு சேர்த்துத்தான் பன்னை எனக்குப் பிடிக்கும்.

அந்த இயந்திரங்களில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சிறிய கம்பிக் கை உண்டு. ஸ்டாப்பர் என்பார்கள். நூல் அறுந்தாலோ, அளவுக்கு மீறி இறுகினாலோ அந்தக் கை அசையும், சிவப்பு விளக்கு எரியும், இயந்திரம் நின்றுவிடும். நின்றால் கேடில்லை, நூலை முடிந்துவிட்டு மறுபடி ஓட்டலாம். நிற்காமல் ஓடினால்தான் துணியில் ஓட்டை விழும், ஊசிகள் முறியும். ஆனால் அடிக்கடி நின்றால் ஷிப்டுக்குரிய துணி இறங்காது. ஆகவே அவசரக்காரர்கள் அந்தக் கையை ஒரு நூல் துண்டால் அசையாமல் கட்டிவிடுவார்கள். அப்பாவால் பொறுக்க முடியாத குற்றம் அது ஒன்றுதான். “நிக்கற மிஷினு ஆரையும் கெடுக்காதுங்க” என்பார். புதிதாக வேலைக்கு வருபவர் மதுரைக்காரரானாலும் பீகார்க்காரரானாலும், முதலில் அந்தச் சட்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சட்டத்தை மீறி வேலை இழந்தவர்களில் ஒருவர் பிற்பாடு எனக்கு மாமா ஆனார். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். ஸ்டாப்பரைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் ஒரு ரோல் முழுவதும் வீணாயிற்று. அப்பா அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பினார். சில நாளில், அதே யூனிட்டில் துணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, அவரைத் தேடி அந்தக் கடற்கரை ஊருக்கே போய் மணந்துகொண்டார்.

தோட்டமும் கிணறும் உடைய எங்கள் குடும்பத்தில் அது நடக்கக்கூடாத காரியம். ஆயினும் அப்பா சாதியின் பேரை எடுக்கவில்லை. “ஸ்டாப்பரக் கட்டுனவன் கையிலயா என்ற தங்கச்சி?” என்றுதான் கேட்டார். சாதியைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஸ்டாப்பர் வசதியாகக் கிடைத்தது. இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது, மாமா என்பவர் எதையோ பெரிதாக உடைத்துவிட்ட மனிதர் என்றே நம்பியிருந்தேன். ஆண்டுகள் பல போயின. அத்தையின் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அப்பா யூனிட்டுக்குக் கிளம்பிய பிறகு அம்மா மட்டும் கைபேசியில் ரகசியமாகப் பேசுவார்.

அந்த ஆடி மாதத்தில் ஓர் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா துணிந்துவிட்டார்.

“ஏனுங்க, உங்க தங்கச்சி பேசுனா.”

அப்பா தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளையோட வள்ளம் கவுந்துருச்சாமா. திடீர்னு காத்து. பாயை எறக்கலாம்னு கயித்த அவுத்தா, நனஞ்ச கயிறு மேல சிக்கிட்டு எறங்கவே இல்லையாமா. விடியற வரைக்கும் கவுந்த வள்ளத்தப் புடிச்சுட்டுத் தண்ணியிலயே கெடந்துருக்கறாரு.”

“இன்ஜின் இல்லீங்ளா அம்மா?” என்றேன் நான்.

“டீசல் விக்கற விலையில சின்ன வள்ளத்துக்கெல்லாம் பாய்தான் கண்ணு.”

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். “கயிறு எங்க சிக்குச்சாமா?”

“அதையெல்லாம் நான் எப்படிங்க கேக்கறது?”

“கேளு.”

தோழர்களே, எத்தனையோ சமாதானப் பேச்சுகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு நிகரானதை நான் கேட்டதில்லை. அம்மா கைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். அப்பா ஓரடி தள்ளி நின்றுகொண்டு அம்மாவிடம் கேட்டார். அம்மா அதையே கைபேசியிடம் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து மாமா, அப்பாவின் குரலைக் கேட்டும் கேளாதவர்போல், அம்மாவுக்குப் பதில் சொன்னார். “மரத்து உச்சியில ஒரு ஓட்டை இருக்கும்லா அக்கா, கயிறு அது வழியாத்தான் போவும். நனைஞ்சா ஊதிக்கிட்டு இறுக்கிரும்.” அப்பா தலையசைத்தார். நூலும் துளையும் அவர் அறிந்த உலகம்.

மறுவாரமே எங்கள் மொட்டை மாடியில் ஓர் இரும்புக் குழாய் எழுந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதையே கடல் காற்றாக வைத்துக்கொண்டார் அப்பா. முதல் பாயை அவர் யூனிட்டிலிருந்த பனியன் துணியிலேயே தைத்துக் கட்டினார். காற்றுப் பட்டதும் அது தொப்பை போட்டது. தொப்பை வளர்ந்து தண்ணீர்த் தொட்டியைத் தொட்டது. ஒரு மணி நேரத்தில் பாதி மாடியை மூடிவிட்டது.

“பனியன் துணி இழுத்தா நீளும்னு உங்களுக்குத் தெரியாதுங்ளா?” என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“துணின்னா எனக்கு இதுதான ஞாவகத்துக்கு வருது!” என்று அப்பாவும் சிரித்தார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கீழிருந்து குரல் கொடுத்தார்: “ஏனுங்க, ஊட்டையே கப்பலாக்கி ஓட்டப் போறீங்ளா? கோயமுத்தூருப் பக்கம் போனா எங்களையும் ஏத்திக்கோங்க!”

அடுத்த பாய் தறியில் நெய்த கெட்டித் துணி. அது நீளவில்லை. மரத்து உச்சியில் துளைக்குப் பதிலாக இயந்திரத்துப் பீங்கான் கண்ணைப்போலப் பெரிதாக ஒன்றைச் செய்வித்துப் பொருத்தினார். வாளி வாளியாகத் தண்ணீரில் நனைத்தாலும் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது. அத்தோடு அவர் நின்றிருந்தால் போதுமாயிருந்திருக்கும். ஆனால் அப்பாவின் மனத்தில் ஸ்டாப்பர் இருந்தது. பாயைத் தூக்கி நிறுத்தும் கயிற்றின் அடிநுனியை ஓர் எஃகுக் கொக்கியில் மாட்டினார். கொக்கிக்குப் பின்னே ஒரு ஸ்பிரிங். காற்று அளவுக்கு மீறி இழுத்தால் ஸ்பிரிங் மசியும், கொக்கி வாய் திறக்கும், கயிறு நழுவும், பாய் தானாகவே இறங்கிவிடும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

அது முதன்முதலாக வேலை செய்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'டக்' என்று ஓர் ஓசை. அடுத்த நொடி பாய் சரசரவென்று இறங்கி, அம்மா காயப்போட்டிருந்த மிளகாய் முழுவதையும் மூடிக்கொண்டது. அப்பா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கண்ணில் நீர். மிளகாய் நெடியினால்தான் என்று என்னிடம் சொன்னார்.

ஆவணியில் கடற்கரைக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் அண்ணன் தங்கைக்குக் கொண்டுபோகும் சீருக்கு ஒரு முறை உண்டு. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பட்டுச் சேலை. அப்பா அந்தத் தாம்பாளத்தின் நடுவே எண்ணெய் போட்டுத் துடைத்த கொக்கியை வைத்திருந்தார். மணமான ஆண்டில் கொடுக்காத சீரை அன்றைக்குக் கொடுத்தார்.

“எளச்சுப் போயிட்டீங்ளே அண்ணா” என்றார் அத்தை. அப்பா தாம்பாளத்தை நீட்டினார். ஏதோ அயல்நாட்டு எழுத்துகள் அச்சிட்ட திருப்பூர் பனியனும் புது வேட்டியும் அணிந்திருந்த மாமா, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கொக்கியை வள்ளத்தில் பொருத்துமுன் நான் கரையில் நின்று உரையாற்றினேன். ஆம், அப்போதே! “பாய்மரமே, காற்றின் ஆணவத்தை அடக்க வந்த காவலனே!” என்று தொடங்கினேன். அவ்வூர்ப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு ஒருத்தி கத்தினாள்: “ஏட்டி, இவ என்ன, டிவிக்குள்ள இருந்து பேசுத மாதிரி பேசுதா!” கரையே சிரித்தது. நான் அவமானப்படவில்லை, முழு உரையையும் முடித்துவிட்டே இறங்கினேன்.

சோதனை ஓட்டத்தில் கொக்கி பிழையின்றி வேலை செய்தது. ஆழத்தில் காற்று ஒரு வீச்சு வீசியதும் பாய் இறங்கியதைக் கரையிலிருந்தே பார்த்தோம். திரும்பி வந்தபின் அப்பாவும் மாமாவும் ஈர மணலில் உட்கார்ந்தார்கள். அத்தையும் அம்மாவும் வீட்டுக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் சற்றுத் தள்ளிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“மச்சான், ஆழத்துல ஓடுதப்போ இது தங்கமான சாமான்” என்றார் மாமா. “கரைக்கு வாறப்போ மட்டும் இதக் கட்டிப் போட்டுக்கிடுதேன்.”

“கட்டறதா?”

“கரைக்கு முன்னால அலை ஒடையுத எடம் ஒண்ணு இருக்கு மச்சான். பின்னாலயே அலை தள்ளிக்கிட்டு வரும். அந்த எடத்துல வள்ளம் ஓடிக்கிட்டே இருக்கணும். நிக்கப்படாது.”

அப்பா கையில் ஒட்டிய ஈர மணலைத் தட்டிவிட்டார். பிறகு தணிந்த குரலில், மரியாதை குறையாமல் சொன்னார்: “மறுக்காவும் கட்டறதப் பத்தித்தான் பேசறீங்க.”

மாமாவின் முகம் எப்படி மாறியது என்பதைச் சொல்ல, இத்தனை மேடை ஏறியும், எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

“இத்தன பாடுபட்டுச் செஞ்சு கொண்டாந்தது கட்டி வெக்கறதுக்குங்ளா? நின்னா ஒண்ணும் ஆவாதுங்க. கட்ட மாட்டேன்னு சொல்லுங்க.”

மாமா கடலைப் பார்த்தார். பிறகு அத்தை இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். “சரி மச்சான். கட்ட மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அப்பா அவருடைய தோளில் கை வைத்தார். “வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம்” என்றார். மாப்பிள்ளை என்ற சொல்லை அப்பா வாயிலிருந்து அவர் கேட்டது அதுவே முதல் முறை. அந்தச் சொல்லுக்காக அவர் எதைக் கொடுத்தார் என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தத் தீபாவளிக்கு அத்தையும் மாமாவும் சேவூருக்கு வந்தார்கள். அப்பா வாசலுக்கு வெளியே போய் நின்று அழைத்து வந்தார். சொந்தக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, அப்பாவே மாமாவின் இலைக்குப் பலகாரம் எடுத்து வைத்தார். யூனிட்டுக்கும் கூட்டிப் போனார். பழைய ஆபரேட்டர் ஒருவர் கிண்டலாகக் கேட்டார்: “ஏனுங்க, உங்க மிஷின்ல ஸ்டாப்பரு இப்பவாச்சும் ஆடுதுங்ளா?”

“தாலி கட்டுனதோட கட்டுத பழக்கத்த விட்டாச்சு அண்ணாச்சி!” என்றார் மாமா. இயந்திர இரைச்சலுக்கு மேல் அப்பாவின் சிரிப்புக் கேட்டது. அத்தை ஓடும் துணியை விரல்களால் தொட்டுப் பார்த்தபடி, ஒவ்வோர் இயந்திரமாக நடந்து போனார். பஞ்சுத்தூள் அவர் கூந்தலில் படிந்தது. தட்டிவிடப்போன என் கையைப் பிடித்து, “இருக்கட்டும் சாமி” என்றார்.

தையில் செய்தி வந்தது.

கடலிலிருந்து கரைநோக்கிக் கொண்டல் காற்று வீசும் காலம் அது. மாலையில் மாமா கரைக்கு வந்துகொண்டிருந்தார். கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அடக்கத்தன்று பக்கத்து வள்ளத்துக்காரர் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன்: “அலை ஒடையுத எடத்துல வாறாரு. பின்னால இருந்து காத்து ஒரு வீச்சு வீசிச்சு. பாய் பொத்துனு தானா எறங்கிட்டு. வள்ளம் அப்படியே நின்னு போச்சு அண்ணாச்சி. நின்ன வள்ளத்த அலை குறுக்கத் திருப்பிக் கவுத்திட்டு. மரம் அவரு தலையில...”

காற்று அளவுக்கு மீறியதும் பாயை இறக்க வேண்டும். கொக்கி அதைத்தான் செய்தது. தரையில் நிற்கும் இயந்திரத்துக்கு நிறுத்தம் காவல். பின்னால் அலை துரத்தி வரும் வள்ளத்துக்கு ஓட்டம்தான் காவல். ஆயுள் முழுவதும் தகரக் கூரையின் கீழ் வாழ்ந்த ஒருவர், நிற்பதே ஆபத்தாகும் இடம் ஒன்று உலகில் உண்டென்று நினைத்துப் பார்க்கவில்லை.

காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அப்பா கொண்டுபோனார். கணவனை இழந்தவளுக்கு அண்ணன்தான் அதைக் கொடுக்க வேண்டும். அன்று மாலையே அத்தையைச் சேவூருக்கு அழைத்துவந்துவிடுவதென்று பேசியிருந்தார்கள். மாடிக்குப் போகும் வழியிலிருந்த அறைக்கு வெள்ளையடித்து வைத்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம்.

பெண்கள் நடுவே அத்தை உட்கார்ந்திருந்தார். கோடியை மடியில் வாங்கிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தார். அழுகை இல்லை. எல்லாருக்கும் கேட்கும்படியாகப் பேசினார்.

“அண்ணா, அவரு கட்டவே இல்லீங்ணா. வள்ளத்தக் கரைக்கு இழுத்துட்டு வந்தப்ப நானே கிட்டப் போயிப் பாத்தனுங்ணா. கொக்கி நீங்க குடுத்த மாதிரியே இருந்துச்சு. ஒரு நூலுகூடச் சுத்தலை. சொன்ன சொல்லு தவறாத மனுசனுங்ணா அவரு. ஸ்டாப்பரக் கட்டுனவன்னு நீங்க ஒருக்காப் பேசுன பேச்ச, இனி ஆரும் பேச முடியாதுங்ணா.”

தோழர்களே, அவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றே. கணவர் போய்விட்டார், அவருடைய பேர் நிலைத்துவிட்டது. அந்தப் பேரை அண்ணன் கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். அப்பா என்ன சொல்லப் போகிறார் என்பது, சத்தியம் வாங்கியதை அவர் வாயாலேயே கேட்டிருந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “வேண்டாங்க” என்று உதடு மட்டும் அசைந்தது.

“அவரு கேட்டாரு கண்ணு” என்றார் அப்பா.

“என்னங்ணா?”

“கரைக்கு வாறப்ப மட்டும் கட்டிக்கறேன்னு கேட்டாரு. அந்த எடத்துல நிக்கக்கூடாதுன்னு சொன்னாரு. நாந்தான் கூடாதுன்னுட்டேன். சத்தியம் வாங்குனேன்.”

“எப்பங்ணா?”

“சீரு கொண்டாந்த அன்னைக்கு. நீ உள்ள மீன் கழுவிட்டு இருந்த.”

அத்தை அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். உதறவில்லை; ஒரு பொருளைக் கீழே வைப்பதுபோல் வைத்தார்.

“அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குது” என்றார். தமக்குத் தாமே பேசுபவர்போல், இன்னும் மெதுவாக: “தெரிஞ்சேதான் ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்திருக்கறாரு.”

அப்பா சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாதிருந்தால் தங்கை வண்டியில் ஏறியிருப்பார். எங்கள் வீட்டில், தம் கணவரின் சொல்லை எண்ணிப் பெருமைப்பட்டபடி வாழ்ந்திருப்பார். சொல்லாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பது எப்படி என்றும் கேட்கலாம். இரண்டு பக்கத்துக்கும் என்னிடம் வாதங்கள் உண்டு. அந்த முகத்துக்கு முன்னால் நின்று பேச அவற்றில் ஒன்றும் உதவாது.

வண்டி புறப்படும் நேரத்தில் அம்மா உள்ளே போய் அழைத்தார். அத்தை வாசல்வரை வந்தார். கோடியை மடித்துக் கையில் வைத்திருந்தார். அதைத் திருப்பித் தந்துவிடுவாரோ என்று நான் அஞ்சினேன். தரவில்லை.

“நீங்க போயிட்டு வாங்ணா. நான் இங்கயே இருந்துக்கறேன்.”

அந்த 'ங்ணா'வில் மரியாதை எள்ளளவும் குறையவில்லை. அதன்பின் அப்பாவோடு அவர் பேசியதே இல்லை. சேவூருக்கும் வரவில்லை.

அத்தைக்காக முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, நீண்ட தூரம் உட்கார்ந்து வர வசதியாக அம்மா ஒரு தலையணை வைத்திருந்தார். அம்மாவும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். முன்னால் மாறி உட்கார யாருக்கும் தோன்றவில்லை. வளைவுகளில் அந்தத் தலையணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்துகொண்டே வந்தது. அது சரியும்போதெல்லாம், அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் அதை நேராக நிமிர்த்தி வைத்தபடி ஓட்டினார்.